பிடிமண் எடுத்துப் போனவர்கள்

இன்னும் பிறக்காத என் மகளுக்கு,

நீ மகளா மகனா என்று எனக்குத் தெரியாது. மகள் என்றே வைத்துக்கொள்கிறேன். அக்காவைப் பற்றி ஒரு மகளிடம் சொல்வதுதான் எனக்குச் சுலபமாக இருக்கும். நீ எப்போது வருவாய் என்பதும் தெரியாது. நான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். கல்லூரி முடித்து, ஒரு வேலைக்குப் போய், அதற்குப் பிறகு ஒருநாள் நீ வருவாய் என்றுதான் சில வாரங்களுக்கு முன்புவரை நினைத்திருந்தேன். இப்போது வீட்டில் நடக்கிற பேச்சைக் கேட்டால் நீ சீக்கிரமே வந்துவிடுவாய் போலிருக்கிறது. 'சின்னவளையாவது காலாகாலத்தில தள்ளிவிட்ருங்கப்பா' என்று இன்று சாயங்காலம்கூட ஊரிலிருந்து வந்த பெரியப்பா சொன்னார்.  அப்பா பதில் சொல்லாததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. எல்லோரும் தூங்கிய பிறகு, அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். யாராவது எழுந்து வந்தால் கணக்குப் போடுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

உனக்கு ஒரு பெரியம்மா இருக்கிறாள். என் அக்கா, மலர்விழி. இந்த வீட்டில் இனி அவள் பெயரைச் சொல்லக்கூடாது என்று முடிவு செய்திருக்கிறார்கள். நீ பிறந்து வளரும்போது உன் அம்மா ஒரே பெண் என்றுதான் உன்னிடம் சொல்லுவார்கள். அதைவிட மோசமாக, நானே அப்படிச் சொல்லிவிடுவேனோ என்று நினைக்கிறேன். என் அம்மாவைப் பார்க்கிறேன் இல்லையா. போன மாதம் அக்காவுக்குப் பிடிக்குமே என்று கத்தரிக்காயைத் தனியாக எடுத்து வைத்தவள், இப்போது அக்காவின் தட்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டுச் சும்மா இருக்கிறாள். சும்மா இருக்கப் பழகிவிட்டால் அப்புறம் அதுவே வழக்கமாகிவிடும். நான் அப்படி ஆவதற்கு முன்னால் உன்னிடம் சொல்லிவிட வேண்டும்.

இது எல்லாம் ஓர் அமெரிக்க அம்மாவின் குடும்பத்தைத் தேடப் போனதில் ஆரம்பித்தது. அப்பாவுக்கு வாடகைக் கார் ஓட்டும் தொழில். மதுரை விமான நிலையத்திலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு கோவில், மகால், அழகர்கோவில் என்று சுற்றிக் காட்டுவார். அப்படி வந்தவர்தான் மார்த்தா அம்மா. மற்றவர்களைப் போல இரண்டு நாளில் போகாமல், கே.கே. நகரில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கிவிட்டார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பால் ஊற்றாத டீ குடிப்பார், வெயிலில் காதுவரை சிவந்துபோவார். அவருக்குக் கோவில் பார்க்க வேண்டாம். கல்லறை பார்க்க வேண்டும், பழைய பாதிரிமார் வீடு பார்க்க வேண்டும், வயதான ஆட்களிடம் பேச வேண்டும். அப்பாவின் ஆங்கிலம் கோபுரத்துக்கும் தெப்பக்குளத்துக்கும் போதும், இதற்குப் போதாது. அதனால் பள்ளி விடுமுறை நாட்களில் என்னை முன் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போவார். 'மை டாட்டர், ட்வெல்த் படிக்குது, நல்லா இங்கிலீஷ் பேசும்' என்பார். நான் வெட்கத்தில் சன்னலைப் பார்த்துக்கொள்வேன்.

மார்த்தா அம்மாவின் முன்னோர், அமெரிக்கா என்று ஒரு நாடு ஆவதற்கு வெகுகாலம் முன்பே இங்கிலாந்திலிருந்து கப்பலில் போய் அந்தக் கரையில் இறங்கியவர்கள். முதலில் போன ஆள் பீப்பாய் செய்கிறவர். அவர் பெயர், மனைவி பெயர், எந்தப் பிள்ளை குளிரில் செத்தது, எந்தப் பிள்ளை பிழைத்தது, எந்தப் பேரன் எந்தக் காட்டை வெட்டி வீடு கட்டினான் என்று எல்லாம் அவரிடம் இருந்தது. காகிதங்களை ஒட்டி ஒட்டி ஒரு நீளப் படமாகச் செய்து சுருட்டி வைத்திருந்தார். ஒருநாள் எங்கள் வில்லாபுரம் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது அதை விரித்துக் காட்டினார். வாசலில் ஆரம்பித்து அடுப்படி நிலைவரைக்கும் வந்தது. சோறு எடுக்கப் போன அம்மா, மேலே கால் படக்கூடாது என்று சுவரோரமாக ஒட்டிக்கொண்டு நடந்தாள்.

"ஆத்தாடி, எம்புட்டுப் பேரு. இதுல உசுரோட இருக்கிறது யாரும்மா?" என்று கேட்டாள்.

நான் கேட்டுச் சொன்னேன். மார்த்தா அம்மா ஓர் ஓரத்தைத் தொட்டு, தானும் தன் தம்பி மகளும் மட்டும் என்றார்.

"அடப்பாவமே. இம்புட்டுக் கூட்டத்துக்கு ரெண்டே பேரா. அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் ஆயிருச்சான்னு கேளு."

அக்கா தரையில் முட்டி போட்டு ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு வந்தவள், ஓர் இடத்தில் நின்றாள். கோடு போட்டு இணைத்திருந்த ஓர் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே குடும்பப் பெயர். "இவுங்க ரெண்டு பேரோட அப்பாவும் அண்ணன் தம்பிங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார் மார்த்தா அம்மா. அம்மா முகத்தைச் சுளித்தாள். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்: "அமெரிக்காவுல பங்காளிக்குள்ளயே கட்டிக்கிருவாய்ங்க போல." அதையும் சொல்லு என்று மார்த்தா அம்மா என்னை விடவில்லை. சொன்னதும் அவரும் சிரித்தார். பனிக்காலத்தில் வழி அடைத்துப்போன ஒரு சின்ன ஊரில் வேறு யாரைக் கட்டுவது என்றார். அவர்கள் கட்டிக்கொள்ளாவிட்டால் நான் பிறந்தே இருக்க மாட்டேன், இங்கே உங்கள் ரசத்தையும் குடித்திருக்க மாட்டேன் என்றார். அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் அது ஒரு வேடிக்கை.

அந்த வம்சத்தில் பின்னால் ஒருவர் பாதிரியாராகி மதுரைக்கு வந்திருக்கிறார். அவருக்கு இங்கேயே பிள்ளைகள் பிறந்திருக்கிறார்கள். அதில் மூத்த மகளைத்தான் மார்த்தா அம்மா தேடி வந்தார். பெயர் இருக்கிறது, இங்கே பிறந்தது தெரிகிறது, வளர்ந்து பெரிய பெண்ணானதும் தெரிகிறது. அதற்கு மேல் அந்தப் படத்தில் கோடு போகவில்லை. முள்மரம் மூடிப்போன ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தில் அப்பா தேங்காய் நாரை வைத்துக் கல் கல்லாகத் தேய்த்தார். பாதிரியாரின் மனைவி கிடைத்தார், இரண்டு கைக்குழந்தைகள் கிடைத்தன. அந்தப் பெண் கிடைக்கவில்லை. மார்த்தா அம்மா கட்டைச்சுவரில் உட்கார்ந்துகொண்டு சொன்னதை நான் மறக்கவில்லை. அவள் செத்துப்போனதாக யாரும் எழுதவில்லை, அவளைப் பற்றி எழுதுவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான் என்றார். யாரையாவது கட்டிக்கொண்டு போயிருப்பாள் என்பது அவருடைய ஊகம். சொல்லிவிட்டு அழுதார். கூட வந்திருந்த அக்காவுக்கு ஆச்சரியம். "முகம்கூடத் தெரியாத ஆளுக்கு எதுக்கு அழுகுறாங்க, கேளு" என்றாள். கேட்டேன். யாராவது ஒருவர் தேட வேண்டும் இல்லையா என்றார்.

அந்தச் சமயத்தில் அக்காவுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை பிரபு. அவருடைய அப்பா அவனியாபுரத்தில் பெயிண்டுக் கடை வைத்திருக்கிறார். பெண் பார்க்க வந்தபோதே அவர் எல்லோரும் கேட்கிறதைக் கேட்டார்: "உங்களுக்குக் குலசாமி எது?" உன் காலத்தில் இதைக் கேட்பார்களா தெரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் ஓர் ஆணின் வழியில் வந்த பங்காளிகள். அவர்களுக்குள் எத்தனை தலைமுறை தள்ளிப் போனாலும் அண்ணன் தங்கை முறைதான். கட்டிக்கொள்ளக் கூடாது. அத்தை மகனைக் கட்டலாம், தாய்மாமனைக்கூடக் கட்டலாம், முகம் தெரியாத பங்காளியைக் கட்டக் கூடாது. அப்பா, "நாங்க ரிங் ரோட்டு முனி கோயிலுக்குத்தான் போறது" என்றார். அது பொதுக் கோவில், மதுரையில் பாதிப் பேர் அங்கேதான் முடி இறக்குகிறார்கள். "எங்களுக்குச் சோழவந்தான் பக்கம் கருப்பசாமி" என்றார் அவர். வேறு வேறு சாமி. இரு பக்கமும் நிம்மதியாகக் காபி குடித்தார்கள்.

அப்பா பொய் சொல்லவில்லை. அவருக்கு அவ்வளவுதான் தெரியும். என் தாத்தா இளம் வயதில் உசிலம்பட்டி ரோட்டில் உள்ளே தள்ளி இருக்கும் ஓர் ஊரில் கூலிக்குக் களை வெட்டியும் அறுப்பு அறுத்தும் பிழைத்தவர். சொந்த அண்ணனோடு கோவிலில் யார் கையில் முதலில் திருநீறு கொடுப்பது என்று சண்டை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மதுரைக்கு நடந்து வந்தவர் பிறகு அந்த ஊர்ப் பக்கமே திரும்பவில்லை. பிள்ளைகளிடம் சாமி பெயரைக்கூடச் சொல்லவில்லை. அப்பாவுக்கு அது ஒரு குறை. வீட்டில் காய்ச்சல் வந்தாலும், கார் மக்கர் செய்தாலும், "குலசாமி தெரியாத குடும்பம், அப்புடித்தான் இருக்கும்" என்பார்.

மார்த்தா அம்மா ஒருநாள் காரில் போகும்போது அப்பாவைக் கேட்டார்: நான் இவ்வளவு பேரைக் காட்டினேனே, உங்கள் பக்கம் எத்தனை பேர் தெரியும் என்று. அப்பா விரலை மடக்கத் தொடங்கி, தன் அப்பாவோடு நிறுத்திக்கொண்டார். அவர் முகம் வாடியதைப் பார்த்து மார்த்தா அம்மாவுக்குத் தாங்கவில்லை. எனக்காக இத்தனை கல்லறை தேய்த்தீர்கள், உங்களுக்காக ஒரு நாள் நான் வருகிறேன், தேடலாம் என்றார். தாத்தா எப்போதோ வாய்தவறிச் சொன்ன ஓர் ஊர்ப் பெயர் மட்டும் எங்கள் அத்தைக்கு நினைவிருந்தது. அதை வைத்துக்கொண்டு போனோம். டீக்கடையில் தாத்தா பெயரைச் சொன்னதும் கடைக்காரர் பாய்லரை விட்டுவிட்டு வெளியே வந்து அப்பாவின் முகத்தையே பார்த்தார். "கோவிச்சுக்கிட்டுப் போனவரு மகனா? மூக்கப் பாரு, அச்சு அசல்" என்றார். அரை மணி நேரத்தில் அந்தத் தெருவே கூடிவிட்டது. தாத்தா சண்டை போட்ட அந்த அண்ணனின் மகன் வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டார். நான் முதலில் சொன்னேனே பெரியப்பா, அவர்தான். இப்போது கூடத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறவர்.

ஒற்றைப் பனைமரத்தடியில் சாமி இருந்தது. ஒத்தப்பனைக் கருப்பு. பெரியப்பா அப்பாவின் நெற்றியில் திருநீறு பூசி, இந்த வம்சத்தை முதல் ஆளிலிருந்து வாய்ப்பாடு மாதிரி சொன்னார். இன்னார் மகன் இன்னார் என்று நான் மார்த்தா அம்மாவுக்குச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். ஒரு பெண் பெயர்கூட வரவில்லை. மகள்கள் இல்லையா என்று அவர் கேட்டார். "பொம்பளப் புள்ளைக கட்டிக் குடுத்த எடத்துச் சாமிக்குப் போயிருங்க" என்றார் பெரியப்பா. பிறகு, நடுவில் ஒரு தம்பி வகையறா பஞ்சத்தில் பிடிமண் எடுத்துக்கொண்டு சோழவந்தான் பக்கம் போய்விட்டது, அவர்கள் அங்கேயே ஒரு கருப்பை வைத்துக் கும்பிடுகிறார்கள் என்றார். பிடிமண் என்றால் என்ன என்று மார்த்தா அம்மா கேட்டார். ஊரை விட்டுப் போகிறவர்கள் சாமி இருக்கிற இடத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துப் போய், புது ஊரில் அதை வைத்துக் கோவில் கட்டுவார்கள் என்று சொன்னேன். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. எங்கள் ஆட்கள் ஊர்ப் பெயர்களை எடுத்துப் போனார்கள், கடல் தாண்டி இறங்கிய இடத்துக்கெல்லாம் விட்டுவந்த ஊரின் பெயரை வைத்தார்கள் என்றார். சோழவந்தான் என்ற சொல்லை என் வாயாலேயே சொன்னேன். அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அப்பாவுக்கும் உறைக்கவில்லை. அவர் பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அப்பா அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

மார்த்தா அம்மா ஊருக்குப் போய்விட்டார். எங்கள் வம்சத்தையும் ஒரு படமாக, மகள்கள் பெயரையும் சேர்த்து, அச்சடித்து அக்காவின் கல்யாணத்துக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பத்திரிகை அடிக்கிற விஷயமாகப் பேச பிரபுவின் அப்பாவும் அம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். அப்பாவால் அடக்க முடியவில்லை. "சம்மந்தி, ஒரு நல்ல சேதி. எங்க குலசாமியக் கண்டுபுடிச்சுட்டேன். பத்திரிகைல மேல அந்தப் பேரப் போட்ருவோம்" என்று செல்போனில் எடுத்திருந்த சாமி படத்தை நீட்டினார். பிரபுவின் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது எந்த ஊரு?" என்றார்.

அப்பா சொன்னார்.

"ஒத்தப்பனைக் கருப்பா?"

"ஆமா சம்மந்தி. உங்களுக்குத் தெரியுமா?"

அவர் போனை மெதுவாகத் தரையில் வைத்தார். "எங்க கருப்பு அங்கருந்து பிடிமண் எடுத்து வந்ததுதான். மூலக்கோயிலு அதான்" என்றார். அம்மா கையில் பலகாரத் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றாள். யாரும் தட்டை வாங்கவில்லை. அப்பா சிரித்த முகத்தை மாற்றத் தெரியாமல் அப்படியே வைத்திருந்தார். பிரபுவின் அம்மாதான் முதலில் எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது பிரபுவின் அப்பா திரும்பி, "வாரேண்ணே" என்றார். அதுவரை சம்மந்தி என்று கூப்பிட்டவர். அந்த ஒரு சொல்லில் கல்யாணம் நின்றுவிட்டது. யாரும் வாய்விட்டு நிறுத்தவில்லை.

மகளே, கொடுமை அதற்குப் பிறகுதான். அக்காவும் பிரபுவும் நிச்சயம் ஆனதிலிருந்து தினமும் போனில் பேசியவர்கள். வேலை விட்டு வந்து முகம் கழுவுவதற்கு முன் போனைத்தான் எடுப்பாள். என்ன பேசுவீங்க என்று கேட்டால், "என்ன சாப்ட்டீகன்னு கேப்பேன்டி கழுத" என்பாள். ஒரே நாளில் அந்த ஆளை அண்ணன் என்று நினைக்கச் சொன்னார்கள். அத்தை வந்து தலையைத் தடவி, "இனி அந்தத் தம்பிய எங்கனயாச்சும் பாத்தா அண்ணேன்னு கூப்பிடு ஆத்தா. கூப்பிட்டுப் பழகிட்டா மனசு தன்னால மாறிரும்" என்றாள். அக்கா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. எழுந்துபோய் நிச்சயத்துக்கு எடுத்த சேலையை மடித்து அத்தை மடியில் வைத்துவிட்டு வந்தாள்.

அப்பாவிடம் ஒரே ஒரு முறை கேட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன். "ஏம்ப்பா, நீ அந்த ஊருக்குப் போகாம இருந்திருந்தா நான் யாரு, அவுக யாரு? போன மாசம் இல்லாத அண்ணே இந்த மாசம் எங்கருந்துப்பா வந்தாரு? மார்த்தாம்மா வீட்டுல அண்ணன் தம்பி மக்களே கட்டிருக்காங்கள்ல, நீதானே சிரிச்ச?" அப்பா சொன்னார்: "அவுங்களுக்கு அது குத்தமில்ல ஆத்தா. தெரியாமச் செஞ்சிருந்தா சாமி மன்னிச்சிருக்கும். தெரிஞ்சுபோச்சே. தெரிஞ்சு நான் எப்புடிச் செய்வேன்?"  அவர் கொடுமைக்காரர் இல்லை என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். வாழ்நாள் முழுக்கத் தேடிய ஒன்று கிடைத்து, கிடைத்த கையோடு அது அவர் பெண்ணைக் கேட்டது. இரண்டில் எதை விடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அவருக்காக அழுவதா அக்காவுக்காக அழுவதா என்று எனக்கும் தெரியவில்லை.

அக்கா போன வாரம் வேலைக்குப் போனவள் திரும்பவில்லை. பிரபுவும் வீட்டில் இல்லை. பதிவுக் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்று தெரிந்தது. ஊரிலிருந்து பெரியப்பாவும் மற்ற பங்காளிகளும் ஒரு வேன் பிடித்து வந்தார்கள். சில மாதங்களுக்கு முன் நாங்கள் யாரென்றே தெரியாதவர்கள். பிரபுவின் அப்பாவும் அவர்களோடு ஒரே வேனில் ஏறித் தேடினார். எல்லோரும் ஒரே ரத்தம் ஆகிவிட்டார்கள், தேடப்படுகிற அந்த இரண்டு பேரைத் தவிர. என்னையும் கேட்டார்கள். அக்கா ஒரு தடவை என் பள்ளித் தோழியின் போனுக்குக் கூப்பிட்டாள். எந்த ஊரில் இருக்கிறாள் என்று இங்கே எழுத மாட்டேன். "நல்லாத்தேன் இருக்கேன், நீ படி" என்றாள். பிறகு, "அப்பா சாப்புடுறாராடி?" என்று கேட்டாள். சாப்பிடுகிறார் என்று பொய் சொன்னேன். பெரியப்பாவிடம் எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அவர் என் கண்ணையே பார்த்தார். நான் கணக்கு நோட்டைப் புரட்டினேன். 

தேடிக் கிடைக்காததால் அப்பாவைத் தலைமுழுகச் சொன்னார்கள். உயிரோடு இருக்கிற பெண்ணுக்கு அதைச் செய்தால் அவள் செத்ததற்குச் சமம். பின்வாசல் குழாயடியில் அப்பாவை உட்கார வைத்துப் பெரியப்பாதான் தண்ணீர் ஊற்றினார். அப்பா குனிந்த தலை நிமிரவில்லை. துவட்டிக்கொள்ளத் துண்டு கொடுத்தேன், வாங்கி மடியிலேயே வைத்துக்கொண்டார். "நம்ம வழியில அந்தப் பேரு இனி இல்ல" என்றார் பெரியப்பா. அவர் வாய்ப்பாடு மாதிரி சொன்ன அந்த வழியில் எந்தக் காலத்தில் ஒரு பெண் பெயர் இருந்தது என்று கேட்க எனக்கு வாய் வரை வந்தது. கேட்கவில்லை. எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. நீ அதை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே.

அம்மா என்ற முறையில் நான் உனக்கு ஏதாவது புத்தி சொல்ல வேண்டும். என் வயதுக்கு என்ன சொல்ல முடியும். வேர் தேடுவது தப்பு என்று சொல்ல மாட்டேன். அப்பா அந்தப் பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன். அதைத் தப்பு என்று எப்படிச் சொல்வேன். ஆனால் செத்தவர்களை எல்லாம் கண்டுபிடித்துச் சேர்த்துக்கொண்டு வருகிறவர்கள், அந்த வேகத்தில் உயிரோடு இருக்கிற ஒருத்தியை வெளியே தள்ளிவிடுகிறார்கள். நீ பெரியவளாகி யாரையாவது கூட்டிக்கொண்டு வந்து நிற்கும்போது நானும் இதே மாதிரி ஏதாவது ஒன்றைச் சொல்லித் தடுத்தால், இந்தக் காகிதத்தை என் முன்னால் வை. என் கையெழுத்து எனக்குத் தெரியும். அதற்கு மேல் என்னால் ஒன்றும் பேச முடியாது. உன்னை நான் எந்த வீட்டில் எந்தச் சாமியின் பேரில் பெறப்போகிறேனோ, அந்தச் சாமி எனக்குப் பழக்கமில்லாததாகத்தான் இருக்கும். நீ பிறந்ததும் உன் பெயர் எதிலும் ஏறாமல் போகலாம். அப்படி இருந்தாலும் நீ இருக்கிறாய் என்பதை நான் ஒருநாளும் மறைக்க மாட்டேன். இதை மட்டும் என்னால் இப்போதே சொல்ல முடிகிறது.

இன்று காலையில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன், அதற்குத்தான் எழுதவே உட்கார்ந்தேன். மார்த்தா அம்மா வீடியோவில் கூப்பிட்டார். அவருக்கு எதுவும் தெரியாது. அச்சுக்குக் கொடுக்கப் போகிறேன், பெயர்களின் எழுத்தை மட்டும் சரிபார்த்துச் சொல் என்றார். அப்பாவும் பெரியப்பாவும் இரண்டு பக்கமும் இருந்தார்கள். நடுவில் நான் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் ஆளிலிருந்து ஒவ்வொரு பெயராக வாசித்து வந்தார். பெரியப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அப்பா பெயர், அம்மா பெயர் வந்தது. பிறகு மார்த்தா அம்மா சிரித்துக்கொண்டே, மலர்விழி, அவள் கணவன் பிரபு, கல்யாணம் எப்போது, எனக்கு இன்னும் தேதி சொல்லவில்லையே என்றார்.

பெயர்கள் இரண்டும் எல்லோருக்கும் புரிந்துவிட்டன. பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா சொன்னார்:

"அந்தப் பேர எடுத்துறச் சொல்லு பாப்பா. எனக்கு ஒரே பொண்ணுதேன்னு சொல்லு."

 மார்த்தா அம்மா, அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டார். "சொல்லுத்தா" என்றார் பெரியப்பா.

 ஆங்கிலத்தில் சொன்னேன். அப்பாவுக்கு இரண்டு பெண்கள், மூத்தவள் மலர்விழி, அவள் கணவர் பிரபு, கல்யாணம் முடிந்துவிட்டது, நீங்கள் எழுதியிருக்கும் எழுத்துகள் சரி என்று சொன்னேன். சொல்லிவிட்டுத்தான் எனக்கு நினைவுக்கு வந்தது: அப்பா விமான நிலையத்திலிருந்து ஏற்றி வருகிற ஒவ்வொரு ஆளிடமும், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து இரண்டு விரலைக் காட்டி, 'டூ டாட்டர்ஸ் சார், டூ டாட்டர்ஸ்' என்று சொல்லிப் பழகியவர். என் வாயிலிருந்து வந்த அந்த இரண்டு சொல்லும் அவருக்குப் புரியாமல் இருக்க வழியே இல்லை.

பெரியப்பா அப்பா பக்கம் சாய்ந்தார். "என்னப்பா சொல்லுச்சு பிள்ள? என்னமோ மலருன்னு காதுல விழுந்துச்சே?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் சொன்னதத்தேன் சொல்லுச்சு."

பிறகு எழுந்து, ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். சவாரி எதுவும் இல்லாத நாள். திரையில் மார்த்தா அம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார்.

உன் அம்மாவாக வரப்போகிறவள்